வீட்டுத் தோட்டத்தில் வெண்முள்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து, காலைச் சிற்றுண்டிக்காக அறைவீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். வேப்பமரத்தடியில் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் காத்து நின்றனர். "சாமி, ஐந்து நிமிடம் பேச வேண்டும்" என்றார் ஆசிரியர். அவருடைய ஐந்து நிமிடம் அரைமணி நேரத்துக்குக் குறையாது என்பது பங்கு முழுதும் அறிந்ததே. ஆகவே இருவரையும் உள்ளே அழைத்து அமரச் செய்தோம்.

செய்தி இதுதான். அவர்களுடைய மகள் அயர்லாந்து நாட்டில் மருத்துவமனையொன்றில் செவிலியர். மருமகனும் அங்கேயே பணிபுரிகிறார். பல்லாண்டு வாடகை வீட்டில் காலங்கழித்தவர்கள் அண்மையில் கடன் பெற்றுச் சொந்த வீடு வாங்கியிருக்கின்றனர். வீட்டின் பின்புறம் சிறு தோட்டம்; அதன் மூலையில் கிழட்டு முள்மரம் ஒன்று. அதை வெட்டிவிட்டுக் குழந்தைகளுக்கு ஊஞ்சல் போடவேண்டும் என்பது மருமகனின் விருப்பம். அடுத்த வீட்டு ஐரிஷ் முதியவரோ, "அதைத் தொடாதீர்கள், தொட்டவர் எவரும் நன்றாக வாழ்ந்ததில்லை" என்று சொல்லிவிட்டார். மகள் கலங்கிப்போய்ப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள்.

"சாமி, நாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பேய்க்கும் பூதத்துக்கும் பயப்படலாமா? யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இவள்தான் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள்" என்றார் ஆசிரியர். "சாமி அந்த ஊரில் இருந்தவங்களாச்சே" என்றார் அம்மையார் மெல்ல.

உண்மைதான். 2013 முதல் 2016 வரை மூன்றாண்டுகள் அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பங்கொன்றில் துணைக் குருவாகப் பணியாற்றினோம். அந்த முள்மரத்துக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. "வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றோம். ஆசிரியரின் முகம் வாடிற்று. "சாமியுமா பேயை நம்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அன்று அவருக்குப் பாதி விடைதான் கூற முடிந்தது. ஞானஸ்நானத்துக்குக் கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் வந்து நின்றது. மீதியை எழுதித் தருவதாக வாக்களித்தோம். எழுதத் தொடங்கிய பின், பிள்ளைகளை அந்நாடுகளுக்கு அனுப்பியுள்ள குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தில் வேறும் உண்டே என்ற எண்ணம் எழுந்தது. ஆதலின் இது கட்டுரையாயிற்று.

முதலில் மரத்தை அறிமுகம் செய்துவிடுவோம். ஆங்கிலேயர் இதை ஹாதார்ன் என்பர். மே மாதத்தில் பூப்பதால் மே மரம் என்றும் சொல்லுவர். ஐரிஷ் மொழியில் இதன் பெயருக்கு வெண்ணிற முட்செடி என்று பொருள். நாமும் வெண்முள் என்றே வழங்குவோம். முள்மரம் என்றதும் நம்மவர் சீமைக் கருவேலை நினைத்துக்கொள்கின்றனர். அது பிற நாட்டிலிருந்து வந்து நம் கண்மாய்களைப் பிடித்துக்கொண்டது. வெண்முள்ளோ அந்தத் தீவுகளின் சொந்தக் குழந்தை. பனியுகம் முடிந்தபின் தானே வந்து வேரூன்றிய மரங்களுள் ஒன்று. ரோசாவும் ஆப்பிளும் பேரியும் இதற்கு நெருங்கிய உறவு. ஐந்து முதல் பத்து மீட்டர் வரை வளரும். இலைகள் சிறியவை, ஓரங்கள் ஆழமாக வெட்டுண்டவை. முட்கள் என்பவை உண்மையில் வளர்ச்சி குன்றிய குறுங்கிளைகளே. மே மாதத்தில் ஐந்து இதழ் கொண்ட வெண்பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்து கிளையே தெரியாதபடி மூடிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் வேலிமேல் யாரோ வெள்ளைத் துணி உலர்த்தியிருப்பதாகத் தோன்றும். இலையுதிர் காலத்தில் காட்டிலந்தையினும் சிறிய கருஞ்சிவப்புக் கனிகள் குலைகுலையாய்த் தொங்கும். ஒவ்வொரு கனியிலும் ஒரே விதை. மிக நீண்டகாலம் வாழ வல்லது. இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில் ஹெத்தல் என்னும் சிற்றூரின் கோவிலருகே நிற்கும் வெண்முள்ளுக்கு எழுநூறு வயதுக்கு மேலிருக்கும் என்று கருதுகின்றனர். அந்த ஒற்றை மரத்தையும் அது நிற்கும் சிறு நிலத்தையும் இயற்கைக் காப்பகமாகவே அறிவித்துப் பேணி வருகின்றனர்.

இனி, நம் பழைய கணக்கு.

அங்கே நாம் கண்ட முதல் மே மாதம் அது. மே மாதம் மாதாவின் வணக்க மாதமன்றோ? பங்கு இல்லத்தின் பின்புறம் தனித்து நின்ற வெண்முள் அவ்வாரம் முழுதும் பூத்திருந்தது. கடையில் பூ வாங்குவானேன் என்று கை நிறைய ஒடித்து வந்து, உணவறையில் மாதா சுரூபத்தின் முன் குவளையில் வைத்தோம். வீட்டைக் கவனித்து வந்த முதிய அம்மையார் வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் குவளையை இரு கைகளாலும் உடலைவிட்டு எட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே போய், வாயிற்படியில் வைத்துவிட்டு வந்தார். "என் தோட்டத்து டூலிப் பூக்களைக் கொண்டுவருகிறேன் பாதர். இது மட்டும் கூரைக்குக் கீழே வேண்டாம். இது வந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகும்" என்றார். அவர் குறிப்பிட்டது சவப்பெட்டியை.

இளமையில் குருமடத்தில் பயின்ற தர்க்கமெல்லாம் நமக்குள் விழித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு மூடநம்பிக்கையைக் குறித்து இருபது நிமிடம் பிரசங்கம் செய்தோம். மக்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டனர். முடிந்ததும் கோயிற்பிள்ளை, எழுபது கடந்த விவசாயி, திருவுடைகளை மடித்து வைத்துக்கொண்டே, "நல்ல பிரசங்கம் பாதர். அந்தப் பூவை முகர்ந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. வெளியே போய் முகர்ந்தோம். முதலில் பாதாம் பருப்பை ஒத்த இனிய மணம். அதன் அடியில், ஆம், அழுகலின் வாடை. பின்னர்ப் படித்தறிந்தோம்: இறைச்சி கெடத் தொடங்கும்போது உண்டாகும் டிரைமெதிலமின் என்ற பொருள் இப்பூவிலும் உள்ளது, ஈக்களை மகரந்தச் சேர்க்கைக்கு அழைக்க மரம் கைக்கொண்ட உபாயம் அது. இறந்தோரை வீட்டிலேயே கிடத்தி இரவெல்லாம் விழித்திருந்த முன்னோர்க்கு அந்த வாடை தெரியாததன்று. சாவின் வாடை வீசும் பூவை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். மூக்கு அறிந்த உண்மையை நாக்கு கதையாக்கிவிட்டது. நம் பிரசங்கத்தில் பிழையில்லை. ஆனால் முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

அதோடு நிறுத்திக்கொண்டோமா? இல்லை. அடுத்த பிப்ரவரியில், ஆயர் வருகை நெருங்குகிறது, தோட்டம் ஒழுங்காக இருக்கட்டும் என்று, இயந்திரக் கத்தரியோடு ஓர் ஆளை வரவழைத்து மரத்தையும் அதையடுத்த வேலியையும் பெட்டி போல மழித்துவிட்டோம். கோயிற்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார்; ஒன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் ஊரெங்கும் வெள்ளை. பங்கு இல்லத்தின் பின்புறம் மட்டும் பச்சை. ஒரு பூ இல்லை. வெண்முள் அவ்வாண்டில் விட்ட தளிரில் பூப்பதில்லை. முந்தைய ஆண்டுகளில் முதிர்ந்த கிளைகளில்தான் பூக்கும். அவற்றையெல்லாம் நாமே கூலி கொடுத்துக் குப்பையில் சேர்த்திருந்தோம். பூ இல்லை என்றால் கனி இல்லை. கனி இல்லாத தோட்டத்துக்கு அக்குளிர்காலத்தில் ஒரு பறவையும் வரவில்லை. அந்த மௌனம் இன்றும் நினைவிருக்கிறது. ஊர்ப்பெண்கள் சிலர், மரத்தில் கைவைத்ததற்குப் பாதருக்கு என்ன நேருமோ என்று கவலைப்பட்டதாகவும் கேள்வியுற்றோம். நேர்ந்தது இவ்வளவே.

அந்தக் கவலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; அடுத்த வீட்டு முதியவர் சொன்னது அதைத்தான். வேலியில் வரிசையாய் நிற்கும் வெண்முள்ளை ஐரிஷ் மக்கள் தயங்காமல் வெட்டுவர். வயல் நடுவிலோ மேட்டிலோ தனித்து நிற்கும் மரமே அச்சத்துக்குரியது. அது கண்ணுக்குப் புலப்படாத சிறு மனிதரின் இருப்பிடம் என்பர். அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "நல்லவர்கள்" என்று மரியாதையாகக் குறிப்பிடுவர். 1999ஆம் ஆண்டு நம் பங்குக்குச் சற்றுத் தொலைவில், லடூன் என்னுமிடத்தில், புதிய நெடுஞ்சாலை ஒன்று இத்தகைய தனிமரத்தின் மீதே போகவிருந்தது. எடி லெனிஹன் என்னும் கதைசொல்லியும் நாட்டார் வழக்குச் சேகரிப்பாளருமான ஒருவர் செய்தித்தாளில் கடிதம் எழுதி எச்சரித்தார். உலகமெங்கும் இருந்து நிருபர்கள் வந்தனர். முடிவில் மரம் பிழைக்கும்படி பணி அமைக்கப்பட்டது. ஆனால் 2002இல் யாரோ ஒருவர் இரவில் வந்து அதன் கிளைகள் அனைத்தையும் அறுத்துத் தள்ளிவிட்டார். மரம் மீண்டும் துளிர்த்தது. நாம் அவ்வழியே போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்திருக்கிறோம். பெரிய மரமன்று, அறியாதவர் புதர் என்றே கடந்துபோவர்.

அச்சம் அயர்லாந்தில் பல மரங்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சம் காத்த மரத்துக்கு, அஞ்சாத ஒருவன் வந்தால் கேடு. ஆசிரியரின் மருமகனும் அத்தகைய அஞ்சாதவரே. அச்சத்தை எடுத்துவிட்டால் அதனிடத்தில் வைப்பதற்கு வேறொன்று வேண்டாமா? நாம் மூன்றாண்டுகள் தேடியது அதைத்தான்.

பக்தியை வைக்கலாம் என்று சிலர் கூறக்கூடும். அதற்கும் ஒரு மரம் சாட்சி. கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் தென்மேற்கே கிளாஸ்டன்பரி என்ற ஊரில் ஒருவகை வெண்முள் உண்டு. மே மாதத்தில் ஒருமுறையும் நடுக்குளிரில் கிறிஸ்து பிறப்புத் திருவிழாவை ஒட்டி மறுமுறையும் பூக்கும். நம் ஆண்டவரின் திருவுடலை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் சூசையப்பர் அங்கு வந்து ஊன்றிய கோலே துளிர்த்து அம்மரமாயிற்று என்று மக்கள் கூறுவர். நற்செய்தியில் இதற்கு இடமில்லை. கதையும் மிகப் பிற்காலத்தது. ஆண்டவரின் முள்முடி வெண்முள்ளால் ஆனது என்று ஐரோப்பியர் சிலர் சொல்வதையும் நாம் ஏற்பதற்கில்லை. திருநாட்டில் பலரும் சுட்டிக்காட்டுவது நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்தை. அதன் அறிவியற்பெயரிலேயே கிறிஸ்துவின் முள் என்ற சொற்கள் இடம்பெற்றுள்ளன.

கதை எவ்வாறாயினும், அம்மரம் ஒருமுறை ஒரு நாட்டின் நாட்காட்டிக்கே நீதிபதியாக அமர்ந்தது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார் என்பதை வாசகர் அறிவர். பாப்பரசர் செய்தது என்பதாலேயே இங்கிலாந்து அதை நூற்றெழுபது ஆண்டுகள் ஏற்காதிருந்தது. கடைசியில் 1752இல் ஏற்றபோது, செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. பதினொரு நாட்கள் காணாமற்போயின! புதிய கணக்குப்படி வரும் கிறிஸ்து பிறப்பு உண்மையானதா என்று ஐயுற்ற மக்கள், மரத்தையே கேட்டுவிடுவோம் என்று கிளாஸ்டன்பரியில் திரண்டனர். புதிய டிசம்பர் 25 அன்று மரம் பூக்கவில்லை. பழைய கணக்கின் கிறிஸ்து பிறப்பு புதிய கணக்கில் சனவரி 5ஆம் நாள் வந்தது. அன்று வழக்கம்போல் பூத்தது என்று அக்கால இதழ் எழுதிற்று. மரம் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்தது சூரியனும் குளிருந்தானே. மே மரம் என்று பெயர் பெற்றது மே முதல் நாளில் பூக்காமல் ஓரிரு வாரம் பிந்தியே பெரும்பாலும் பூப்பதற்கும் இந்தப் பதினொரு நாட்களே ஒரு காரணம்.

இவ்வளவு பக்தியால் அம்மரம் பிழைத்ததா? பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில், இது பாப்பு மார்க்கத்தின் மிச்சம் என்று தூய்மைவாதிகள் மூல மரத்தை வெட்டினர். அதற்கு நூறாண்டுக்கு முன்பே அவ்வூர் மடம் இடிக்கப்பட்டிருந்தது. முதிய மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங் 1539 நவம்பர் 15 அன்று ஊரை அடுத்த குன்றின்மேல் தூக்கிலிடப்பட்டார். (திருச்சபை 1895இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது.) மற்றொரு குன்றில் 1951இல் நட்ட மரத்தை 2010 டிசம்பரில் யாரோ வெட்டிச் சிதைத்தனர், எஞ்சிய அடிமரமும் 2019இல் அகற்றப்பட்டது. இனம் அழியவில்லை என்றால், மடத்துத் தோட்டத்திலும் கோவில் முற்றத்திலும் பலர் வீடுகளிலும் அதன் கிளைகளை ஒட்டுக்கட்டி வளர்த்திருந்ததே காரணம். இவ்வகை விதையிலிருந்து தாயைப் போல் முளைப்பதில்லை. சாதாரண வெண்முள்ளின் தண்டில் இதன் கிளையை ஒட்டவேண்டும். குன்றின்மேல் போற்றப்பட்டது போயிற்று. கத்தியும் கட்டும் கொண்டு தோட்டக்காரர் வளர்த்தது நிலைத்தது.

நிற்க. அச்சமும் வேண்டாம், கதையும் வேண்டாம் என்றால் இம்மரத்தை எதற்காக வைத்திருப்பது? நம் விடை, அதைச் சார்ந்து வாழ்வோருக்காக என்பதே.

மனிதர் இதை முதலில் நட்டது விருந்தோம்பலுக்காக அன்று, பிறரை விலக்கவே. இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களால் அறுபத்தெட்டு இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயலும் தனியார் வசமாயின. பசுவை மேய்த்துப் பிழைத்த ஏழை மறுபடி உள்ளே வராதபடி சுற்றி நட்டது பெரும்பாலும் வெண்முள் வேலி. அயர்லாந்திலும் நிலக்கிழார்கள் அவ்வாறே செய்தனர். ஆயினும் அந்த வேலியோரமே பின்னர் ஏழைக்கு உதவிற்று. 1695ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடைசெய்தபோது, ஆசிரியர்கள் வேலிமறைவிலும் மாட்டுக்கொட்டகையிலும் பிள்ளைகளை அமர்த்தி எழுத்தும் கணக்கும் இலத்தீனும் கற்பித்தனர். வேலிப் பள்ளிகள் என்று இன்றும் அவற்றை நன்றியோடு நினைவுகூர்கின்றனர். நம் கோயிற்பிள்ளை அதைச் சொல்லும்போது, தம் பாட்டனாரே அங்கு படித்தவர் போல் நிமிர்ந்து உட்காருவார்.

மனிதர் மட்டுமா? இங்கிலாந்தின் பூச்சியியல் அறிஞர் சௌத்வுட் 1961இல் வெளியிட்ட கணக்கில், அந்நாட்டு வெண்முள்ளை உண்டு வாழும் பூச்சி இனங்கள் 149. பின்னர் எடுத்த கணக்கு இதனினும் கூடுதல். அப்புழுக்களைக் கொண்டு சிறு பறவைகள் குஞ்சுகளை வளர்க்கின்றன. முள் இருப்பதால் பூனையும் காக்கையும் கூட்டை எளிதில் நெருங்குவதில்லை. குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து பூங்குருவி இனத்துப் பறவைகள் இரண்டு, பீல்டுபேரும் ரெட்விங்கும், கடல் கடந்து கூட்டம் கூட்டமாய் வந்து இதன் கனிகளைத் தின்று தீர்க்கும். இரவெல்லாம் பறந்து வந்த களைப்போடு அவை கிளையில் அமர்ந்து விழுங்குவதைப் பங்கு இல்லத்துச் சமையலறைச் சாளரத்தில் நின்று பார்த்திருக்கிறோம், மரத்தை மழிப்பதற்கு முன்னிருந்த குளிர்காலத்தில். வெளிநாட்டிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காக வந்தவை அவை. நாமும் அப்படி வந்தவர்தாமே என்று தோன்றியதுண்டு.

இனி, வளர்ப்பு முறை. இங்கே நம் சமவெளிச் சூட்டில் இம்மரத்தை வளர்க்க முயலவேண்டாம். அதற்குக் குளிர்காலம் இன்றியமையாதது. அங்கு வாழும் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறோம்.

புதிதாக நடுவோர் நவம்பர் முதல் மார்ச் வரை, மரம் இலையற்று உறங்கும் காலத்தில், மண்ணின்றி வெறும் வேரோடு விற்கப்படும் கன்றுகளை வாங்குதல் நலம், விலையும் மலிவு. அந்நாட்டு விதையிலிருந்து வளர்த்த கன்றுதானா என்று கேட்டு வாங்கவேண்டும். தென் ஐரோப்பாவிலிருந்து வருவன முன்னதாகவே தளிர்த்துப் பனியில் அகப்படும். நோயையும் உடன் கொணரக்கூடும். தீயில் கருகியது போல் கிளைகளைக் காயவைக்கும் பாக்டீரிய நோய் ஒன்று 1957இல் இங்கிலாந்துக்கு வந்தது. ஆப்பிள், பேரி மரங்களுக்கும் அது பரவும். ஆதலின் கண்ட இடத்தில் கன்று வாங்குதல் தகாது. நீர் தேங்காத எந்த மண்ணும் போதும், உரமும் வேண்டியதில்லை. வெயில் மட்டும் வேண்டும். நிழலில் உயிர் வாழும், பூப்பதில் கஞ்சத்தனம் காட்டும். வேலிக்கு என்றால் மீட்டருக்கு ஐந்து கன்றுகள் இரு வரிசையாய் நட்டு, நட்டவுடன் பாதி உயரத்துக்கு வெட்டிவிடவேண்டும். மனம் வராது, ஆனால் வெட்டினால்தான் அடியிலிருந்து கிளைத்து அடர்த்தியாகும். தனி மரத்துக்கு அவ்வாறு வெட்டவேண்டா. சுவரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நடுக. முதல் மூன்றாண்டுகள் அடியில் புல் அண்டாதபடி மூடாக்கு இடுக.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர்க்குப் பொறுமை வேண்டும். 2014 அக்டோபரில், நம் தவற்றுக்குப் பரிகாரமாக, நாமும் கோயிற்பிள்ளையும் அயலவர் வேலியில் பழுத்த கனிகளைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, முப்பது விதைகளை ஈரமணலில் கலந்து தொட்டியிலிட்டு, எலி தொடாதபடி கம்பிவலை மூடி வெளியே வைத்தோம். அடுத்த வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. கொட்டிவிடலாம் என்றோம். "இரண்டு குளிர் பார்க்காமல் அது எழுந்திருக்காது பாதர்" என்றார் அவர். 2016 ஏப்ரலில் ஏழு முளைத்தன. அவ்வாண்டுக் கோடையில் நாம் தாயகம் திரும்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தின் பின்புறம் அவற்றை நட்டதாகக் கடிதம் எழுதினார்.

ஆசிரியர் மகளின் வீட்டில் உள்ளதுபோல் முதிர்ந்த மரம் ஏற்கெனவே இருந்தால் வேலை சுலபம். குளிர்காலத்தில் பட்ட கிளைகளை மட்டும் நீக்குக. குழந்தைகள் உள்ள வீடாதலால் ஆளுயரத்துக்குக் கீழுள்ள கிளைகளையும் எடுத்துவிடலாம். மரம் பெரிதென்று தோன்றினால் மூன்று குளிர்காலங்களில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும். நாம் செய்ததுபோல் ஒரே நாளில் அன்று. அயர்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிகளை வெட்டுவதைச் சட்டமே தடைசெய்கிறது. பறவைகள் கூடுகட்டும் காலம் அது. தோட்டத்து மரத்துக்கும் அதே காலத்தை மதித்தல் நன்று. முள் குத்தி முறிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டால் வீக்கம் காணும், மருத்துவரிடம் காட்டவேண்டும். செவிலியருக்கு நாம் இதைச் சொல்லவேண்டுமா என்ன! கனிகள் மாவு போன்றவை, சுவை குறைந்தவை. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஜெல்லி செய்வர், விதையை நீக்கிவிடவேண்டும். இதயத்துக்கு நல்ல மருந்து என்று இலையையும் பூவையும் விற்கின்றனர். ஏற்கெனவே இதய நோய்க்கு மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

இவையனைத்தையும் சுருக்கி எழுதி ஆசிரியரிடம் கொடுத்தோம். அவர் அதைத் தம் அழகிய கையெழுத்தில் மறுபடி எழுதி, பிழைகளையும் திருத்தி, மகளுக்கு அனுப்பியிருக்கிறார். அக்டோபரில் படம் ஒன்று வந்தது. மரம் முழுதும் சிவப்பு, அடியில் இரு குழந்தைகள் மழைச்சட்டையோடு. மூவரும் மகிழ்ந்தோம்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஆசிரியர் மீண்டும் வேப்பமரத்தடியில் நின்றார். "சாமி, இலையெல்லாம் கொட்டிவிட்டதாம். மரம் செத்துப்போய்விட்டது, இனி வெட்டலாம்தானே என்று மாப்பிள்ளை கேட்கிறார்" என்றார். பல்லாண்டு அங்கே அடுக்குமாடியில் வாழ்ந்தவர், தமக்கென்று ஒரு மரம் இருந்ததில்லை, கவலை இயல்பே. சிறு கிளையொன்றை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னோம். கீறினார்களாம், உள்ளே பச்சை. கனிகளில் பாதியைப் பறவைகள் அதற்குள் தின்றுவிட்டனவாம். ஊஞ்சலுக்கு எதிர் மூலையில் குழி தோண்டியாயிற்று. மழை விட்டதும் கம்பம் நடுவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். அந்நாட்டு மழையை நாம் அறிவோம்.